காதுக்குப் பேச்சுத் தமிழே வேண்டும்

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இலங்கையில் கடல் மிக அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் சில நிமிடங்களில் சிதைந்தன. எச்சரிக்க அன்று முறையான அமைப்பு இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு அமைப்பு வந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்களும் எழுந்தன. அவற்றின் ஒலிபெருக்கிகள் எந்தத் தமிழில் பேச வேண்டும்? கண்ணால் வாசிப்பது எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆபத்து நேரத்தில் காதால் கேட்பது பேச்சுத் தமிழில்தான் வர வேண்டும்.

“கரையோரப் பிரதேசங்களில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு இடம்பெயருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்ற வகை வாக்கியம் தாளில் பிழையற்றது. ஆனால் செய்ய வேண்டிய காரியம் அதில் கடைசியில்தான் வருகிறது, அதுவும் வேண்டுகோளாக. வாசிப்பவர் விட்டதை மறுபடி பார்க்கலாம். கடல் இரைச்சலுக்கும் கூக்குரலுக்கும் நடுவே கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. “கடல் ஊருக்குள்ள வருது. கரையில நிக்காதீங்க. காரைதீவுச் சந்தியால மேற்கே, சம்மாந்துறைப் பக்கம் போங்க” என்று சொன்னால், பாதி மட்டும் காதில் விழுந்தவரும் பிழைக்க வழி உண்டு. இந்தக் கரை தட்டையான நிலம். ஓடி ஏற அருகில் மலை இல்லை. அதனால் “பாதுகாப்பான இடம்” எது என்பதை ஊர்ப்பெயர் சொல்லிக் காட்டுவதே உண்மையான எச்சரிக்கை.

யாருடைய பேச்சு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காரைதீவில் அப்பா, அக்கா. அடுத்துள்ள முஸ்லிம் ஊரில் வாப்பா, ராத்தா. வீட்டு முறைப்பெயர்களில் வேறுபாடு உண்டுதான். கடல், கரை, வா, போ, நில் என்பவற்றில் தமிழர், முஸ்லிம்கள் என்ற இரு சமூகத்துக்கும் ஒரே தமிழ். பேச்சுமொழி அரசுக்கு மதிப்பல்ல என்பது இன்னொரு வாதம். தமிழறிஞர் விபுலாநந்தர் பிறந்த காரைதீவில் அந்த வாதம் வலுவாகவே ஒலிக்கும். சென்னையில் 1936இல் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஆனால் அந்தப் பணி அறிவியலைத் தமிழில் கற்பிப்பதற்கானது. பாடநூலுக்கு அந்தச் செறிவு தேவை, ஓடுகிறவருக்குத் தேவையில்லை. இந்தக் கரையிலும் பேசப்படும் மட்டக்களப்புப் பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது என்று மொழியியலாளர் கமில் சுவெலபில் கணித்ததையும் இங்கே நினைக்கலாம். இந்தப் பேச்சு சிதைந்த மொழி அல்ல.

பிரதேச செயலகங்கள் இத்தகைய எச்சரிக்கை வாக்கியங்களை இப்போதே எழுதிவைக்க வேண்டும். பள்ளிவாசல், கோயில் நிர்வாகிகளையும் கடற்றொழிலாளர்களையும் அழைத்து உரக்க வாசித்துக் காட்டி, ஒரே தடவையில் புரியாத சொல்லை எல்லாம் நீக்க வேண்டும்.