வயல் எலியும் அத்தையின் பசியும்

தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வரப்புல மூங்கில் கிட்டி வெச்சு எலி பிடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. நெல்லைத் தின்னுற எலி மேல நமக்கு இரக்கமே கிடையாது. ஆனா அதோட சொந்தக்காரனான ஆய்வுக்கூட எலிக்கு நாம நன்றிக்கடன் பட்டிருக்கோம்.

1999ல ஜப்பானைச் சேர்ந்த கோஜிமா, கங்காவா குழு எலியோட இரைப்பையிலேர்ந்து 'கிரெலின்'ங்கிற பெப்டைடைப் பிரிச்செடுத்தாங்க. 28 அமினோ அமிலம் கோத்த குட்டிச் சங்கிலி. அதை எலிக்கு ஏத்தினா பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்குது. தீனியும் கூடுதுன்னு அடுத்த வருஷமே தெரிஞ்சுபோச்சு.

குடல்ல சுரக்குற ஜிஎல்பி-1 இதுக்கு நேரெதிர். 1996ல எலி மூளைக்குள்ள செலுத்திப் பார்த்தப்போ தீனி குறைஞ்சுது. ரத்தத்துல சர்க்கரை ஏறுறப்போ இன்சுலினைக் கூட்டுறதும் இதுதான். இப்ப எல்லாரும் பேசுற செமாக்ளூடைட் ஊசி, இது மாதிரியே வேலை செய்யுற மருந்து.

சரி, இதெல்லாம் எதுக்கு? எங்க அத்தைக்கு சர்க்கரை வியாதி. போன பொங்கலுக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டாங்க. "வாயைக் கட்டத் தெரியாதா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டது சாட்சாத் நானேதான். அத்தை ஒண்ணும் பேசல. இலையை மூடிட்டு எழுந்துட்டாங்க.

இஷ்டத்துக்குச் சாப்பிடலாம்னு சொல்ல வரல. அளவு வேணும்தான். ஆனா பசியைக் குணக்கேடா பேசுறது தப்பு. வயிறும் குடலும் மூளைக்கு அனுப்புற தாக்கல் அது. கிரெலின் ஏறின எலியைப் பார்த்து "உனக்கு மன உறுதி பத்தலை"ன்னு எந்த விஞ்ஞானியும் திட்டல. எலிக்குக் கொடுத்த நியாயத்தை அத்தைக்கு நான் கொடுக்கல.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ முதல்ல மன்னிப்பு. அப்புறம்தான் சாப்பாடு.