சுவரில் யார் பெயர் இருக்கு? தஞ்சையில் ஊர் ஓவியம் வரையும் முன் ஒரு கூலிக் கணக்கு

சனிக்கிழமை காலை. மேம்பாலத்துக்கு அடியில் ஒரே நிற டி-ஷர்ட்டில் கல்லூரி மாணவர்கள். ஓவியர் ஒருவர் முந்தின நாளே சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருப்பார். மாணவர்கள் அதற்குள் பெயிண்ட் நிரப்புவார்கள். மதியம் சாப்பாட்டுப் பொட்டலம், சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ, ராத்திரிக்குள் ரீல்ஸ். தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. ஊர் தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, வீணை மூன்றும் நிச்சயம். கீழ் மூலையில் ஸ்பான்சர் லோகோ. வரைந்தவர் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

வெற்றிலை எச்சிலும் போஸ்டர் கிழிசலுமாகக் கிடந்த சுவருக்கு இது எவ்வளவோ மேல்தான். ஆனால் இதை ‘சமூக ஓவியம்’ என்று அழைப்பதில்தான் நமக்கு இடிக்கிறது. வரைந்தவருக்குக் கூலி போனதா, அவர் பெயர் சுவரில் இருக்கா, எதை வரையலாம் என்று அந்தத் தெருவை யாராவது கேட்டார்களா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அது அழகுபடுத்தும் பணி, அவ்வளவுதான்.

இப்படிக் கேட்பது ஏதோ புது நியாயம் என்று நினைக்க வேண்டாம். டெல்டாவிலேயே ஆயிரம் வருடம் பழைய முன்னுதாரணம் இருக்கிறது.

100 கலம் நெல்

பெரிய கோயிலில் ஆடவும் பாடவும் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். அந்தக் கல்வெட்டைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என எல்லாமே கல்லில் இருக்கிறது. கூடவே சம்பளமும்: ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களுடைய வாழ்க்கை எவ்வளவு சுதந்திரமாக இருந்தது என்பது தனி விவாதம். கலைஞரின் பெயரையும் கூலியையும் பொதுச் சுவரிலேயே எழுதி வைத்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

அதே கோயிலின் இன்னொரு சுவர் வேறு கதை சொல்கிறது. கருவறையைச் சுற்றியுள்ள உள்பிராகாரத்தில், சுண்ணாம்புச் சாந்தின் ஈரம் காய்வதற்குள் தீட்டிய சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே பூசி வேறு ஓவியம் வரைந்துவிட்டார்கள். அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தது 1931-ல்தான். சுவர் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் படம்தான் மேலே நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

திருவாரூர் தியாகராஜர் கோயில் பக்கம் போனால் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். முசுகுந்தன் கதை படம் படமாக, தமிழ்க் குறிப்புகளோடு ஓடும். இன்றைய காமிக்ஸ் மாதிரியே இருக்கும். மராத்தியர் காலத்து வேலை, முந்நூறு வருடம் இருக்கும். வரைந்தவர் தன் பெயரையும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்: சிங்காதனம்.

ஃபிளெக்ஸ் வந்த பிறகு

சிங்காதனத்தின் தொழில் வாரிசுகள் யார் என்று கேட்டால், கடைக்குப் பெயர்ப் பலகை, லாரிக்குப் பின்னால் எழுத்து, சினிமாவுக்கு பேனர், தேர்தலுக்குச் சின்னம் என எழுதிக் கொண்டிருந்தவர்களைத்தான் கைகாட்ட வேண்டும். 2000-களில் டிஜிட்டல் ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் சில வருடங்களிலேயே படுத்துவிட்டது. இப்போது அவர்களுக்கு வேலை வருவது பெரும்பாலும் தேர்தல் சமயத்தில்தான். தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே சுவரில் கட்சிப் பெயரும் ‘ரிசர்வ்டு’ என்ற வார்த்தையும் ஏறிவிடும். பஸ் சீட்டில் துண்டு போடுவது போல.

2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையில் போஸ்டருக்குத் தடை போட்டு, சுவர்களில் ஓவியம் வரைய பேனர் ஓவியர்களைக் கூப்பிட்டது. வேலையிழந்தவர்களுக்கு வேலை கிடைத்தது என்ற வகையில் நல்ல முடிவு. ஆனால் என்ன வரைவது என்பது மேலிருந்து வந்தது: பாரம்பரியம், கலாசாரம், இயற்கைக் காட்சி. அந்தச் சுவரை ஒட்டி வாழ்ந்தவர்கள் படத்தில் இல்லை.

2020-ல் சென்னை கண்ணகி நகரில் நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காக 2000-ம் ஆண்டு வாக்கில் உருவான பகுதி அது. முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்களின் நீண்ட நாள் குறை. ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, மாநகராட்சியோடும் ஒரு பெயிண்ட் நிறுவனத்தோடும் சேர்ந்து, குடியிருப்புகளின் பிரம்மாண்டச் சுவர்களில் ஓவியங்களைக் கொண்டுவந்தது. சென்னை ஓவியர் ஏ-கில் சிரிக்கும் குழந்தைகளின் முகங்களை வரைந்தார். கேமராவோடு ஆட்கள் அந்தப் பகுதிக்கு வரத் தொடங்கினார்கள், அது உண்மையான மாற்றம். அதே சமயம், பெயிண்ட் அடித்ததால் வேலைக்குப் போகும் தூரம் குறையவில்லை.

ஒரு கால்வாய், 5 கோடைகள்

இதில் நாம் பார்த்துப் படிக்க வேண்டிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது, அதுவும் டெல்டாக்காரர்களுக்கு சட்டென்று புரியும் இடத்தில். லாஸ் ஏஞ்சலீஸில் வெள்ளத் தடுப்புக்காக கான்கிரீட் போட்ட துஜுங்கா கால்வாயின் சுவரில், 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகளில் ஜூடித் பாகா என்ற ஓவியர் ஒரு ஓவியத்தை உருவாக்கினார். நீளம் 2,754 அடி, கிட்டத்தட்ட அரை மைல். அவரோடு வேலை செய்த பதின்ம வயதினர் 400 பேருக்கும் மேல். பலர் போலீஸ் வழக்குகளில் சிக்கி வந்தவர்கள். அவர்களைத் தன்னார்வலர்கள் என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கவில்லை. கோடைகால வேலைத் திட்டத்தில் சம்பளம் போனது. வரைவதற்கு முன் வரலாற்று ஆய்வாளர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் உட்கார்ந்து கதை கேட்டார்கள். அதனால்தான் பாடப்புத்தகம் தாண்டிப் போன விஷயங்கள் படத்தில் ஏறின: முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள், ரயிலேற்றி அனுப்பப்பட்ட மெக்சிகோ குடும்பங்கள். 2011-ல் அதே ஓவியத்தைப் புதுப்பிக்கவும் செய்தார்கள்.

தஞ்சை நகருக்குள் கல்லணைக் கால்வாய் ஓடுகிறது. ஊர்க்காரர்களுக்கு அது புது ஆறு. அதற்கும் சமீபத்தில் கான்கிரீட் தளம் வந்தது. நிலத்தடி நீர் இறங்காது என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்தக் கரையை ஒட்டிய ஒரு பள்ளிச் சுவரை பிளஸ் 1 மாணவர்களிடம் கொடுத்து, ‘உங்க ஊர்க் கதையை வரையுங்க’ என்றால் என்ன வரும்? தலையாட்டி பொம்மை வராது என்று பந்தயம் கட்டலாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்பு வரலாம். கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைந்து முளைவிட்ட நெல் மூட்டை வரலாம். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக நின்ற பெண்கள் வரலாம். யாராவது ஒரு தாத்தா 1968 கீழவெண்மணியைச் சொல்லலாம்.

இங்கேதான் சிக்கல். ஸ்பான்சருக்கும் அலுவலகத்துக்கும் இதில் எதுவும் வசதியான படம் இல்லை. ‘பாசிட்டிவா ஏதாவது பண்ணலாமே’ என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு யார் பதில் சொல்வது என்பதை பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். படத்தைத் தேர்வு செய்யும் குழுவில் தெருக்காரர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும். சுவர் உரிமையாளர், அது பள்ளியோ பஞ்சாயத்தோ, வரைபடத்தைப் பார்த்து எழுத்தில் சம்மதம் தரட்டும். எத்தனை வருடம் அதன்மேல் வெள்ளையடிக்க மாட்டோம் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

ஆள் பஞ்சமும் இல்லை. கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியம் வரைபவர்கள் நகருக்குள்ளேயே இருக்கிறார்கள். போர்டு எழுதிய அண்ணன்களின் கையும் இன்னும் மறக்கவில்லை. முப்பது அடி சுவரில் கோடு கோணாமல் எழுத்தை நிறுத்துவது எப்படி என்று இன்ஸ்டாகிராம் ஓவியருக்கே அவர்கள் கற்றுக்கொடுப்பார்கள். அவர்கள் பேசும் கணக்கு சதுர அடிக் கணக்கு. பட்ஜெட்டில் முதல் வரி அதுவாக இருக்க வேண்டும், பெயிண்ட் அதற்கு அடுத்தது. மாணவர்களுக்கு பஸ் காசும் நாள் படியும். சான்றிதழ் கொடுத்தால் கொடுங்கள், அது கூலி ஆகாது. லோகோ எவ்வளவு பெரிதோ, அதற்குக் குறையாத அளவில் வரைந்தவர்கள் எல்லோரின் பெயரும்.

இனி சுவர். வாய்க்கால் ஓரச் சுவரில் ஓதம் ஏறும், உப்பு பூக்கும், அதன்மேல் எந்த எமல்ஷனும் நிற்காது. அடிச்சுவரில் ஈரம் இருந்தால் இரண்டு அடி விட்டு மேலே தொடங்குங்கள். புதுப் பூச்சு என்றால் ஒரு மாதமாவது காய வேண்டும், பிறகு பிரைமர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையே ஆகாது. தை அறுவடை முடிந்து, பரீட்சையும் முடிந்த பிறகு சித்திரை, வைகாசி இரண்டு மாதம் கிடைக்கும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் பாதிப் பேர் வீட்டில் குறுவை வேலை தொடங்கிவிடும். கதை கேட்கும் வேலையை மாசியிலேயே ஆரம்பிப்பது நல்லது.