பதினெட்டு வயது நிறையும் முன்பே: திருப்பூர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



இந்த ஊரில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலர், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர், வங்கியிலும் அஞ்சலகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களுக்குக் கட்சி இல்லை. எந்த நிதி நிறுவனத்தோடும் தொடர்பு இல்லை. பதினான்கிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ள நம் பிள்ளைகளின் கைக்குப் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று எங்களுக்குள் பேசத் தொடங்கினோம். பேசப் பேசக் கவலை கூடியது. ஊரோடு சேர்ந்து பேச வேண்டியதாகவும் தோன்றியது.

முன்பெல்லாம் இந்த வயதுப் பிள்ளையின் கையில் பஸ் காசும் தின்பண்டக் காசும்தான் இருக்கும். இன்று நிலைமை வேறு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அதே தொகை. இது போக, கல்லூரி விடுமுறையில் பனியன் கம்பெனிக்குப் போய் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ நிற்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் வருகிறது. பணமும் கணக்கும் போனும் ஒன்றாகக் கையில் வந்துவிட்டன. பணத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை.

அந்தப் பேச்சை நாம்தான் வீட்டில் தடுத்து வைத்திருக்கிறோம். வாடகை ஏறினாலும், தண்டல்காரர் வாசலில் வந்து நின்றாலும், நகை அடகுக்குப் போனாலும், பிள்ளை கேட்டால் "உனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம், நீ படிக்கிற வேலையைப் பாரு" என்று அனுப்பிவிடுகிறோம். பாசத்தால் சொல்வதுதான். ஆனால் வீட்டில் கிடைக்காத பதிலைப் பிள்ளை போனில் தேடுகிறது. அங்கே பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் எதையோ விற்பதற்காகவே பேசுகிறார்கள். அதனால் எங்கள் முதல் வேண்டுகோள் பெற்றோருக்கு. மாதத்தில் ஒரு நாள், சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், வீட்டு வரவு செலவைப் பிள்ளையின் கையால் எழுத வையுங்கள். வாடகை, அரிசி, எரிவாயு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், சீட்டுப் பணம், வட்டி, எல்லாமே எழுதப்படட்டும். வட்டியை மறைக்காதீர்கள். ஒரு குடும்பம் எங்கே இறுகி நிற்கிறது என்று அறிந்த பிள்ளை, புதுப் போன் கேட்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்கும்.

இந்த ஊர்த் தாய்மார்களுக்கு இது புதிதும் இல்லை. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவி, எழுதப் படிக்கச் சிரமப்பட்ட பெண்களைக்கூடக் கணக்கு நோட்டு வைத்துக்கொள்ள வைத்தன. யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி என்று குழுவில் உரக்கப் படித்துக் கையெழுத்து வாங்கிய அனுபவம் நம் வீட்டு அம்மாக்களுக்கு இருக்கிறது. அந்த நோட்டைப் பெரும்பாலான மகள்கள் திறந்து பார்த்ததில்லை, மகன்களைச் சொல்லவே வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்துப் போங்கள். ஒரு பக்கத்தை அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

வட்டிக் கணக்கை வட்டாரப் பேச்சிலேயே கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. "பத்து வட்டி" என்று கடைவீதியில் சொன்னால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ஆண்டுக்கு 120 சதவீதம். வங்கிக்காரர் பத்து சதவீதம் என்றால் நூறு ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் கூட்டு வட்டி போட்டு முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்குத் தெருவில் புழங்கும் வட்டி தெரியவில்லை என்றால் குறை பிள்ளையிடம் இல்லை. கணித ஆசிரியர்களை அன்போடு கேட்கிறோம்: அந்தப் பாடம் நடத்தும் வாரத்தில் கந்து வட்டியையும் நகைக்கடனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். கந்து வட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

புதுமைப் பெண் தொகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அதற்கு முன் இருந்தது திருமண நிதியுதவித் திட்டம். படித்த பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் தந்தது. அதைத்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். கல்யாணத்துக்கென்று போன பணம் படிப்புக்கென்று திரும்பியிருக்கிறது, அதுவும் அந்தப் பெண்ணின் பெயரிலேயே. ஆனால் பல வீடுகளில் ஏடிஎம் அட்டை அப்பாவின் சட்டைப் பையிலோ அண்ணனின் பர்ஸிலோ இருக்கிறது. குடும்பக் கஷ்டத்தில் அந்த ஆயிரம் அடுப்புக்குப் போவதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. அவளிடம் கேட்டு எடுங்கள் என்கிறோம். அட்டையும் ரகசிய எண்ணும் அவளிடமே இருக்கட்டும். மூன்று ஆண்டுப் பட்டப் படிப்பில் 36 மாதம் வந்தால் 36,000 ரூபாய். அதைத் தானே எண்ணி, தானே முடிவெடுத்துச் செலவழித்த பெண்ணுக்கு முதல் சம்பளம் வரும்போது தடுமாற்றம் இருக்காது.

கணக்கு தொடங்கக் கல்லூரி வரை காத்திருக்கவும் வேண்டாம். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிமுறைப்படி, பத்து வயது நிறைந்த பிள்ளை, வங்கி வைக்கும் வரம்புக்கு உட்பட்டு, தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம். இருப்புக்கு மேல் எடுக்க முடியாது என்பதால் கடன் பயம் இல்லை. அஞ்சலகத்திலும் பத்து வயதுக்கு மேல் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 100 ரூபாய் போதும். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டு கட்டினால், 6.7 சதவீத வட்டியில், கட்டிய 60,000 ரூபாய்க்கு 71,000 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். வட்டி விகிதத்தை அரசு அவ்வப்போது மாற்றும். சேரும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு முன் கணக்கை முடிக்க முடியாது என்பதையும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவசரத்துக்கு வேண்டிய பணம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டியது தொடர் வைப்பில் சேரட்டும். இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் இந்த வயதுக்குத் தேவையில்லை என்பது எங்களோடு இருக்கும் அஞ்சலகக்காரர்களின் முடிவு.

இனி, எங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறோம். கணக்கை வாடகைக்கு விடுவது.

நண்பனின் நண்பன் ஒருவன் வருவான். டீக்கடையிலோ விடுதியிலோ இன்ஸ்டாகிராமிலோ பேசுவான். "சும்மா கிடக்கிற அக்கவுண்ட் தானே, ஒரு மாசத்துக்குக் கொடு, மூவாயிரம் தர்றேன்" என்பான். அல்லது "உன் அக்கவுண்டுக்குப் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் உனக்கு" என்பான். பாஸ்புக், ஏடிஎம் அட்டை, கணக்கோடு இணைந்த சிம் மூன்றும் கைமாறும். பிறகு வேறு மாநிலத்தில் யாரோ ஒரு பெரியவரை, போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்று மிரட்டிப் பறித்த ஓய்வூதியப் பணம் அந்தக் கணக்குக்குள் வந்து சில நிமிடங்களில் வெளியேறும். புகார் போனதும் காவல்துறை முதலில் பார்ப்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். அங்கே நம் பையனின் பெயர் இருக்கும். திருடியவனின் பெயர் எங்கும் இருக்காது.

கணக்கு முடக்கப்படும். உதவித்தொகை விழுவதும் அதே கணக்காக இருந்தால் அதுவும் முடங்கும். வேறு மாநிலத்திலிருந்து அழைப்பாணை வரும். வழக்கு பதிவானால் அரசு வேலைக்கான சரிபார்ப்பு வரைக்கும் அது பின்தொடரும். தெரியாமல் கொடுத்தேன் என்பதைப் பதினெட்டு வயதுப் பையன் போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் புரிய வைக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே ரிசர்வ் வங்கியின் துணை அமைப்பு ஒன்று ம்யூல்ஹண்டர் என்ற மென்பொருளை உருவாக்கி வங்கிகளுக்குத் தருகிறது. அவ்வளவு தூரம் இது பரவியிருக்கிறது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களிடமே நேராகப் பேசுகிறோம். உங்கள் கணக்கு உங்கள் கையெழுத்துக்குச் சமம். அதை யாருக்கும், உறவினருக்கும்கூட, கொடுக்காதீர்கள். உங்கள் ஆதாரில் சிம் வாங்கித் தரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தெரியாத பணம் கணக்கில் விழுந்தால் எடுக்காதீர்கள், திருப்பி அனுப்பவும் முயலாதீர்கள். வங்கிக் கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். பெற்றோரோடு வங்கிக்குப் போய் அட்டையை நிறுத்துங்கள், சிம்மைத் துண்டியுங்கள், சைபர் குற்றப் பிரிவில் எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள். ஒரு நாள் முந்தினாலும் அது உங்களுக்குத் துணை நிற்கும். மோசடியில் உங்கள் சொந்தப் பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். பணம் கைமாறிப் போகும் முன் தடுத்து நிறுத்த முதல் சில மணி நேரம்தான் இருக்கிறது.

பெற்றோர்களே, அந்தப் பிள்ளை வந்து சொல்லும் நாளில் கை ஓங்காதீர்கள். திட்டுவதற்கு வாழ்நாள் இருக்கிறது. பயந்து மறைத்த ஒவ்வொரு நாளும்தான் இழப்பைப் பெரிதாக்குகிறது.

பதினெட்டு வயது நிறையும் நாளைக் குறித்தும் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பதினெட்டு நிறையாதவர் போட்ட கடன் ஒப்பந்தம் செல்லாது. மோகரி பீபி வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் இதையே சொன்ன தீர்ப்பு இன்றும் நிற்கிறது. பதினேழு வயதுப் பிள்ளை வாங்கிய கடனுக்கு யாராவது வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் இதை நினைவில் வையுங்கள். ஆனால் பிறந்தநாள் கடந்த மறுநாளே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. தவணையில் போன், தவணையில் பைக், ஏழு நாள் கடன் செயலி, எல்லாம் அந்த வாரமே தேடி வரும். தவணை ஒன்று தவறினால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். கடனைச் சரியாகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணிலும் அது பதியும். பின்னாளில் வங்கிக் கடன் கேட்டுப் போகும்போது அந்தப் பழைய தவணை வந்து குறுக்கே நிற்கும்.

கடன் செயலியைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் தரும் முன் ஆண்டு வட்டி விகிதம் எவ்வளவு என்று எழுதிய முக்கிய விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும். அதைக் காட்டாமல், உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் திறக்க அனுமதி கேட்கிற செயலியை அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு எதிராகத் தமிழ்நாட்டுச் சட்டமும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இருக்கின்றன. அதன் பிறகும் டெலிகிராம் வழியாக வருகிறது என்றால் அது சட்டத்துக்கு வெளியே இருப்பவரிடமிருந்து வருகிறது. அங்கே பணம் போனால் கேட்க ஆள் கிடையாது.

மொபைல் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போதுதான் பதினெட்டு முடிந்த பிள்ளை தனியாக வந்து தவணையில் போன் கேட்டால், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு நாளைக்கு வா என்று சொல்லுங்கள். பனியன் கம்பெனி முதலாளிகளும் கான்ட்ராக்டர்களும், விடுமுறையில் வேலைக்கு வரும் மாணவரின் கூலியை அவரவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்; எத்தனை ஷிஃப்ட், என்ன கூலி, என்ன பிடித்தம் என்று ஒரு சீட்டும் கொடுங்கள். சரியான சம்பளச் சீட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளை பிறகு எங்கே வேலைக்குப் போனாலும் கணக்குக் கேட்கும். வங்கிக் கிளை மேலாளர்களே, சிறுவர் கணக்கு என்றால் அலைக்கழிக்காமல் தொடங்கிக் கொடுங்கள். தொடங்கும் போதே கணக்கை வாடகைக்கு விடக்கூடாது என்பதை வாயால் சொல்லுங்கள்; படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

பள்ளி, கல்லூரி, மகளிர் குழு, தெரு நலச் சங்கம், எங்கே அழைத்தாலும் எங்களில் இருவர் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். கட்டணம் கிடையாது, எதையும் விற்கமாட்டோம், யாருடைய கணக்கு எண்ணையும் கேட்கமாட்டோம். தொடர் வைப்புப் படிவம் நிரப்பவும், முடங்கிய கணக்குக்கு மனு எழுதவும், கடன் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும் எங்களில் ஆள் இருக்கிறார்கள். இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதல் வீட்டுக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். எழுதும்போது எழும் சந்தேகங்களோடு எங்களை அழையுங்கள்.