பள்ளித் தோட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

பூக்கும் பருவத்தில் இருக்கும் உளுந்துச் செடி ஒன்றை வேர் அறுபடாமல் தோண்டியெடுத்து, மண்ணைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால், வேரில் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபினின் உறவுப் புரதம் ஒன்றுதான் அந்த நிறத்துக்குக் காரணம். முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குச் சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சிவப்பே அடையாளம். உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், அங்கே வேலை நடக்கவில்லை.

நைட்ரஜன் சுழற்சி நம் பாடநூல்களில் இருக்கிறது. படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு முடிச்சைக் கிள்ளிப் பார்த்திருப்பார்கள்? உளுந்தும் நிலக்கடலையும் விளையும் ஊர்களில்கூட, கூப்பிடு தூரத்தில் இருக்கும் வயலுக்கும் வகுப்பறைக் கரும்பலகைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உணவுப் பயிர் வளர்ப்பின் அறிவியலை ஆறாம் வகுப்பிலிருந்தே, கிராமம் நகரம், அரசு தனியார் என்ற பேதமின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்முறையாகக் கற்பிக்க வேண்டும்.

அச்சத்தில் நியாயம் உண்டு

தமிழ்நாட்டில் இதைச் சொல்வது எளிதல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். பள்ளியில் விவசாயம் என்றதும் அந்த நினைவு எழுவதில் வியப்பில்லை. வெயிலில் நாற்று நட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய், ‘மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கு அனுப்பினேன்?’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்லியாக வேண்டும்.

மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவாக வேளாண் அறிவியல் இருக்கிறது. ஆனால், மதிப்பெண் குறைந்தவர்களுக்கான இடமாகவே சமூகம் அதைப் பார்க்கிறது. பள்ளியில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எப்போதும் ஒரே பிள்ளைகள் அழைக்கப்பட்டால், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஆகவே இரண்டு நிபந்தனைகள் தேவை. வகுப்பில் உள்ள அத்தனை பேரும் முறைவைத்து மண்ணில் இறங்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கும் ஒவ்வொரு கையிலும் அளவுகோலும் நோட்டுப் புத்தகமும் இருக்க வேண்டும். அளக்காமல், எழுதாமல், காரணம் கேட்காமல் செய்யவைத்தால் அது பிள்ளைகளிடம் வேலை வாங்குவதாகவே முடியும்.

பாத்தி எனும் ஆய்வகம்

ஒரு பாத்தியில் இலைகள் மஞ்சளாகின்றன என்று வைத்துக்கொள்வோம். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவாக இருக்கலாம். தட்டுப்பாடு வரும்போது செடி முதிர்ந்த இலையிலிருக்கும் நைட்ரஜனை எடுத்து இளந்தளிருக்கு அனுப்பிவிடும். நரம்புகள் பச்சையாக இருக்க, நுனித் தளிர் மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவை நினைக்க வேண்டும். இரும்பு அப்படி எளிதில் இடம்பெயராது. இந்த வேறுபாடு தெரியாதவர் இரண்டுக்கும் யூரியாவைத்தான் போடுவார். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. இரும்பு துளியும் இல்லை.

பரங்கிக் கொடியும் நல்ல ஆசிரியர். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். விடியலில் விரியும் பூ, உச்சிவேளைக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். காலையில் பூச்சிமருந்து அடிப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். நூறு விதைகளை ஈரச் சாக்கில் முடிந்துவைத்து, முளைத்தவற்றை எண்ணினால் சதவீதக் கணக்கு தானே வந்துவிடும்.

நகரத்துப் பிள்ளைக்கு இது எதற்கு? உரம் என்றாலே நஞ்சு என்கிறது ஒரு முழக்கம். மூட்டை மூட்டையாகக் கொட்டினால்தான் விளைச்சல் என்கிறது ஒரு பழக்கம். ஒரு பாத்திக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு அளவான யூரியா, ஒன்றுக்கு எதுவுமில்லை என்று கீரை வளர்த்து, அறுத்து, எடைபோட்டு ஒப்பிட்ட பிள்ளை, இரண்டு பக்கத்திடமும் ஆதாரம் கேட்கும். நாளை உணவுக் கொள்கையைத் தீர்மானிக்கும் வாக்காளருக்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

நடக்கக்கூடியதா?

கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வி உடனே வரும். நம் பட்டங்களே அதற்கு வழி சொல்கின்றன. ஆடிப்பட்டத்தில் விதைத்த உளுந்து எழுபது நாள் அளவில், காலாண்டுத் தேர்வை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். தைப்பட்டத்தில் விதைத்தால் முழு ஆண்டுத் தேர்வுக்குமுன் முடிந்துவிடும். கீரைக்கு ஒரு மாதம் போதும். சத்துணவுத் தட்டு கழுவும் தண்ணீர் வாழைக்கும் பப்பாளிக்கும் பாயலாம். இடமில்லாத நகரப் பள்ளிக்கு மாடியில் நான்கு சாக்குப் பைகள் போதும்.

பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க ஒன்றிய அரசு 2019இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. முருங்கையும் கீரையும் சத்துணவுக் கூடத்துக்குப் போவது மகிழ்ச்சியே. ஆனால், எத்தனை கிலோ காய்த்தது என்பதை மட்டும் வைத்துத் தோட்டத்தை மதிப்பிட்டால், பூச்சி தின்ற பாத்தி தோல்வியாகிவிடும். ஏன் தின்றது என்று கண்டறியும் வகுப்புக்கு அதுவே சிறந்த பாத்தி.

வழிகாட்ட ஆட்களும் இருக்கிறார்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இத்தகைய நிலையங்கள் இயங்குகின்றன. இளநிலை வேளாண் மாணவர்கள் படிப்பின் பகுதியாகக் கிராமங்களில் தங்கிப் பயில்கிறார்கள். இவர்களை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க ஓர் அரசாணை போதும். ஊரில் அனுபவப்பட்ட விவசாயி ஒருவரை, ஆணோ பெண்ணோ, மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்கு அழைத்தால், தங்கள் வீட்டு அறிவும் அறிவியல்தான் என்று பிள்ளைகள் உணர்வார்கள்.

எஞ்சியிருப்பது மதிப்பெண். நம் கல்வியில் மதிப்பெண் இல்லாத எதுவும் நிலைப்பதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அதில் ஐந்தை, ஒரு பருவம் முழுக்க ஒரு பயிரை வளர்த்து எழுதிய பதிவேட்டுக்கு ஒதுக்கலாம். மருத்துவரின் மகளும் கூலித் தொழிலாளியின் மகனும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒரே மதிப்பெண்ணுக்கு எழுதும்போது, பிறப்பையும் தொழிலையும் முடிச்சுப்போட்ட பழைய திட்டத்திலிருந்து நாம் உண்மையாகவே விலகியிருப்போம். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் கல்வித் துறை இந்த ஐந்து மதிப்பெண்ணிலிருந்து தொடங்கட்டும்.