உச்ச நேரச் சுமை யார் தலையில்?

2024 மே 30 அன்று நாட்டின் மின்தேவை 250 ஜிகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. நண்பகலில் பெருகி நிற்கும் சூரிய மின்சாரம் பொழுது சாய்ந்ததும் மறைந்துவிடுகிறது. வீடுகளில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஒருசேர இயங்கத் தொடங்குவதும் அந்த வேளையில்தான். அச்சில மணி நேரத்திற்காக, மின்சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் வரை கொடுத்து வாங்கும் நிலைக்கு மின்வாரியங்கள் தள்ளப்படுகின்றன. எனவே வீட்டு மின்பயன்பாட்டில் ஒரு பகுதியைப் பகலுக்கு மாற்றியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதை எவ்வழியில், யார் செலவில் செய்வது என்பதே கேள்வி.

ஒன்றிய பாஜக அரசு சந்தையின் வழியைத் தேர்ந்துள்ளது. 2023 ஜூனில் அது திருத்திய விதிகளுக்கு ‘நுகர்வோர் உரிமை’ என்பது பெயர். விவசாயம் தவிர்த்த அனைவருக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் நேரவாரிக் கட்டணம் நடைமுறைக்கு வர வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கோ உடனடியாக வர வேண்டும் என்கின்றன அவ்விதிகள். சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறையுமாம். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுமாம்.

இச்சலுகை யாருக்குக் கிட்டும்? சலவை இயந்திரமும் வெந்நீர்க் கருவியும் மின்சாரக் காரும் உள்ள வீடு அவற்றைப் பகலில் இயக்கிப் பயன்பெறலாம். பகலெல்லாம் ஆலையிலும் கட்டுமானத்திலும் உழைத்து, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளிக்கு இருப்பவை இரண்டு விளக்கும் ஒரு விசிறியும்தான். பிள்ளைகள் படிக்கும் நேரத்தை அவர் நண்பகலுக்கு மாற்ற இயலாது. மாற்ற வசதியுள்ளவருக்குத் தள்ளுபடி, மாற்ற வழியற்றவருக்குத் தண்டம் என்பதே இதன் பொருள்.

இதற்குரிய கருவியாகத்தான் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்கள் திணிக்கப்படுகின்றன. அதானி உள்ளிட்ட தனியார் நிறுவனங்கள் மீட்டர்களைப் பொருத்தி, பராமரித்து, மாதந்தோறும் வாரியங்களிடம் கட்டணம் பெறுகின்றன. அச்செலவும் இறுதியில் நுகர்வோர் தலையிலேயே விடியும்.

வேறு வழி இல்லையா? 2024 கோடையில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. மாநிலம் முழுவதற்குமான மின்வெட்டை அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு தவிர்த்தது. பெருந்தொழிற்சாலைகளும் குடிநீர் இறைப்பு நிலையங்களும் இயங்கு நேரத்தை மாற்றிக்கொள்ளக் கேட்டுக்கொள்ளப்பட்டன. இரவு ஒன்பது மணிக்குப் பின் அலங்கார விளக்குகளை அணைக்கவும், குளிர்சாதனத்தை 26 டிகிரியில் வைக்கவும் வேண்டுகோள் விடப்பட்டது. சுமை மிகுந்த பகுதிகளில் மட்டும் கட்டுப்பாடு வந்தது. தனியாருக்கு மாதக்கட்டணம் தரும் ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தையும் அவ்வரசு ஏற்கவில்லை. பின்னர் அங்கும் வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் விரிவானபோது, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்துவோரோடு அது நிறுத்தப்பட்டது. பெரும் நுகர்வோரிடமிருந்து தொடங்குவது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

எந்த மின்மாற்றி எப்போது திணறுகிறது என்பதை மீட்டர் நிறுவனத்தைவிட அப்பகுதி மின் ஊழியரும் மக்களும் நன்கறிவர். ஊராட்சியும் வார்டும் மின்வாரியமும் கூடித் திட்டமிட்டால் குடிநீர் மோட்டார்களையும் வாகன மின்னேற்றத்தையும் பகலுக்கு மாற்றலாம். பொதுத்துறைச் செலவில் துணைமின் நிலையங்களில் மின்கலங்கள் அமைத்து, நண்பகல் மின்சாரத்தை மாலைக்குச் சேமிக்கலாம். மிச்சமாகும் கொள்முதல் செலவு சிறு நுகர்வோரின் கட்டணக் குறைப்பாகத் திரும்ப வேண்டும்.

சிறு நுகர்வோருக்கு உச்ச நேரக் கட்டணம் கூடாது. முன்கட்டண மீட்டரை எவர் மீதும் திணிக்கக் கூடாது. இக்கோரிக்கைகளை மின் ஊழியர் சங்கங்களோடு இணைந்து ஒவ்வொரு குடியிருப்புக்கும் கட்சிக் கிளைகள் எடுத்துச் செல்ல வேண்டும். மின்சாரம் பொதுச்சொத்து, அதைப் பகிரும் நேரத்தையும் மக்களே தீர்மானிக்கட்டும்.