கழுத்தை நெரித்தவனும் குடியரசும்

வரலாற்றைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளிற் காவற்படைத் தலைவன் அடிபட்டு வீழ்வதற்கெனவே படைக்கப்படுகின்றான். 2010 இல் யூபிசொப்ட் நிறுவனம் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிறீட்: பிரதர்ஹூட்' என்னும் விளையாட்டில் மிக்கெலெத்தோவின் கதியும் இதுவே. செசாரே போர்ஜியாவின் ஏவலாளாகிய அவன், உரோமாபுரியின் கொலோசியத்தில் நாடகமொன்றின்போது நடிகனொருவனைக் கொல்ல முனைகின்றான். கதைத்தலைவன் எற்சியோவிடம் தோற்கின்றான். அவ்வளவே. நிக்கோலோ மாக்கியவல்லியோ அங்கு எற்சியோவின் தோழர். போர்ஜியாக்களின் எதிரணியில் நிற்பவர்.

இந்த அணிபிரிப்பே பொய்யானது.

மிக்கெலெத்தோ கற்பனைப் பாத்திரமல்லன். 1500 இல் லுக்ரேசியா போர்ஜியாவின் கணவன் அல்போன்சோ, காயமுற்றுப் படுக்கையிற் கிடந்தபோது கொலையுண்டான். கொன்றவன் மிக்கெலெத்தோ என்றே அக்காலத்தார் கூறினர். 1502 டிசெம்பர் 31 இல், சமாதானத்தை நம்பிச் சினிகாலியா நகரிற் செசாரேயைச் சந்திக்கச் சென்ற படைத்தலைவர்கள் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் வித்தெல்லொற்சோ வித்தெல்லியும் ஒலிவெரொத்தோவும் அன்றிரவே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். நெரித்த கை மிக்கெலெத்தோவினுடையது என்பர். அவ்வேளை புளோரன்சுக் குடியரசின் தூதராகச் செசாரேயிடம் இருந்தவர் மாக்கியவல்லி. பின்னர் அச்சூழ்ச்சியை விவரித்துத் தனிக் கட்டுரையே எழுதினார். அதிற் கண்டனத்தைத் தேடுவோர் ஏமாறுவர்.

செசாரேயின் வீழ்ச்சியோடு 1503 இல் மிக்கெலெத்தோ புளோரன்சுப் படையினரிடம் அகப்பட்டுச் சிறைப்பட்டான். ஆயின் 1506 இல் அதே புளோரன்சு தன் நாட்டுப்புறக் காவற்படைக்கு அவனையே தலைவனாக்கியது. மாக்கியவல்லி அப்போது குடிமக்களைக் கொண்டு ஊர்ப்படையொன்றை அமைத்துக்கொண்டிருந்தார். அதனை அடக்கி நடத்த அஞ்சத்தக்க ஒருவன் வேண்டியிருந்தது. அந்நியமனத்துக்காக முன்னின்றவரும் அவரே.

'விளையாட்டு வரலாற்று நூலன்று; அதனிடம் உண்மை கேட்பது முறையோ?' என வாதிடுவாருமுளர். அங்ஙனமாயின் வரலாற்று மாந்தரின் பெயர்கள் எதற்கு? மாந்தருக்கும் கட்டிடங்களுக்குமெனக் குறிப்புரைத் தொகுதியொன்றையே அவ்விளையாட்டு உள்ளடக்கியுள்ளது. கொலோசியத்தின் கற்களுக்குக் காட்டிய சிரத்தை ஒரு மனிதனின் வாழ்வுக்குக் காட்டப்படவில்லை. குடியரசும் கொலையாளிக்குச் சம்பளம் கொடுத்தது என்பது கதைக்கு இடைஞ்சலானது போலும். காலம் இடங்கொடுக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை: விளையாட்டின் கதை 1507 வரை நீள்கின்றது.