கணக்குக் கேட்பது கலெக்டர் வேலையா?

காரைக்குடியில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சிவகங்கைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே மனுக் கொடுத்தால்தான் மாநகராட்சி அசையும் என்பது ஊரில் பலர் சொல்லும் பாடம். மனுக் கொடுப்பவரைக் குறை சொல்ல முடியாது. அவரை அனுப்பி வைக்கிற நம்பிக்கைதான் குறையுள்ளது. வேலை செய்வது மன்றத்தின் பொறுப்பாம்; அது ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்ப்பது கலெக்டர், தணிக்கைத் துறை, சென்னையில் இருக்கும் நகராட்சி நிர்வாக இயக்குநர் ஆகியோரின் பொறுப்பாம். படித்தவர், படிக்காதவர், கவுன்சிலர், காண்டிராக்டர் எல்லோரும் இதில் ஒரே கட்சி. ஒரு நகர மன்றத்துக்கு இதைவிட வசதியான நம்பிக்கை வேறு கிடைக்காது.

நம் மன்றக் கூட்டங்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பொருள் பட்டியல் நீளமாக வரும். செய்து முடித்த செலவுகள் 'மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்' என்று வரிசையில் நிற்கும். வாசித்தும் வாசிக்காமலும் 'ஆல் பாஸ்'. உறுப்பினர் எழுந்தால் தன் வார்டுக்கு ஒரு போர்வெல், ஒரு சிறுபாலம், நாலு விளக்கு கேட்பார். கிடைக்காவிட்டால் வெளிநடப்பு. போன ஆண்டு நிறைவேற்றிய தீர்மானங்களில் எத்தனை முடிந்தன, எத்தனை கிடப்பில் இருக்கின்றன, ஏன் என்று கேட்பவர் அபூர்வம். அதைக் கேட்கச் சொல்லி நாமும் அவரை அனுப்பவில்லை. துக்க வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் தவறாமல் வருபவர், சொன்னதும் லைட் போட்டுத் தருபவர் என்றால் நமக்கு நல்ல கவுன்சிலர்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இப்படி நம்புவதுதான் விந்தை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் முதலாளிகள் பலர், கடையை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஊரில் இருந்தார்கள். ஆளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. கடல் கடந்து கணக்கு வந்துகொண்டிருக்கும். பேரேட்டையும் ஐந்தொகையையும் முதலாளி உட்கார்ந்து பார்ப்பார். போட்டது அவர் பணம். ரங்கூனில் இருக்கும் துரை வந்து பார்க்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மாநகராட்சியில் முதலாளியின் இடம் மன்றத்துடையது. ஆணையரும் பொறியாளரும் ஆள் இடத்தில் இருப்பவர்கள். இன்று முதலாளி, ஆளிடம் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மேலிருந்து வரும் தணிக்கை வேண்டாம் என்பதல்ல என் வாதம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது. 2014-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் தணிக்கையாளர் வருவது செலவு முடிந்த பிறகு. பார்ப்பதும் பெரும்பாலும் கோப்புகளை. ஒப்பந்தப்புள்ளி முறைப்படி திறக்கப்பட்டதா, அளவுப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று அவர் சொல்வார். போட்ட சாலை அடுத்த ஐப்பசி மழையைத் தாங்கியதா, சம்பை ஊற்றுத் தண்ணீர் கடைசித் தெருவரை ஏறியதா என்பது அங்கே குடியிருப்பவருக்கும் அந்த வார்டு உறுப்பினருக்கும்தான் தெரியும். தணிக்கைத் தடை எழுதினாலும் அதற்குப் பதில் எழுதுவது அதே அலுவலகம். மன்றம் அந்தத் தடைகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக விளக்கம் கேட்காதவரை அவை ஆண்டுக்கு ஆண்டு நீளும் பத்திகள், அவ்வளவுதான்.

முழுப் பொறுப்பையும் மேலே இருப்பவரே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. மஸ்டர் ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டு) ஊழலை அடுத்து 1973-இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. தவறு செய்தவரைத் தண்டிப்பது சரி. ஆனால் 1996 வரை, 23 ஆண்டுகள், தலைநகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் போனது. பிறகு 2016 அக்டோபரில் மாநிலம் முழுக்க மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலாகக் காரைக்குடியும் தனி அலுவலர் ஆட்சியில் இருந்தது. தீர்மானம் போடும் அதிகாரமும் நிறைவேற்றும் அதிகாரமும் அதிகாரிகள் பக்கமே. எதிரே உட்கார்ந்து கேட்க ஆளில்லை. மேற்பார்வைதான் மருந்து என்றால், அந்த ஆண்டுகளிலேயே நம் ஊர்களின் நோய் தீர்ந்திருக்க வேண்டுமே!

"தன் முதுகு தனக்குத் தெரியுமா? ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை, காண்டிராக்டர் யாருக்கோ மைத்துனர். இவர்களா தங்களையே சோதிப்பார்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் மன்றம் என்பது ஒற்றை ஆள் இல்லை. நகராட்சியாக இருந்தபோதே காரைக்குடிக்கு 36 வார்டுகள். செக்காலைக்குப் போன பணம் கழனிவாசலுக்கு ஏன் வரவில்லை என்று ஒருவர் எழுந்து கேட்டால் கண்காணிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒரு முறையாகவே ஆக்கியது: நிர்வாகக் குழுவில் இடம்பெறாத உறுப்பினர்கள் ஆய்வுக் குழுவில் அமர்ந்து, முடிவெடுத்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

அதுவும் மந்திரம் அல்ல. ஆய்வுக் குழுக்கள் இருந்த பர்மிங்காம் நகர மன்றமே 2023 செப்டம்பரில் நிதி நெருக்கடியில் சிக்கி, அத்தியாவசியம் அல்லாத புதுச் செலவுகளை நிறுத்தியது. ஆனால் அந்நாட்டில் மேலிருந்து தணிக்கையை நடத்திவந்த தணிக்கை ஆணையம் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2015-இல், மூடப்பட்டுவிட்டது. மேலே இருப்பவரை ஓர் அரசு வைக்கும், இன்னோர் அரசு எடுக்கும். குழு அமைப்பதோடு நில்லாமல் விடாமல் கேள்வி கேட்கும் மன்றம் ஒன்றே ஊருக்கு நிலையான காவல்.

காரைக்குடிக்கு இதில் இப்போது கூடுதல் அவசரம் இருக்கிறது. 2024-இல் ஊர் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் முதலிய ஊராட்சிகளும் அதற்குள் வருகின்றன. இந்த ஊராட்சிக்காரர் இழப்பது 100 நாள் வேலையை மட்டும் என்று பேசுகிறோம். கிராம சபையையும் இழக்கிறார். ஆண்டுக்கு ஆறு நாள் ஊராட்சியின் வரவு செலவை ஊர் கூடிக் கேட்க அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. நகரத்தில் அதற்கு மாற்று, வார்டு குழுவும் பகுதி சபையும். விதிகள் 2022-இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1-இல் பகுதி சபைகள் கூடின. பம்மலில் முதல்வரே வந்து உட்கார்ந்தார். உங்கள் தெரு எந்தப் பகுதி சபையில் இருக்கிறது என்று இன்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

மேடை ஏறினால் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத உள்ளாட்சிப் பேச்சாளர் இல்லை. குடவோலையைச் சொல்வார்கள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் மறுபடி நிற்கக்கூடாது என்று அதே கல்வெட்டு விதித்ததை விட்டுவிடுவார்கள்.

மன்றம் இதற்கெல்லாம் புதுச் சட்டம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக, முந்தைய தீர்மானங்கள் என்ன ஆயின என்ற அறிக்கை வரட்டும். தணிக்கைத் தடைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தனிக் கூட்டத்தில் விவாதிக்கப்படட்டும். எந்த வார்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், எந்தச் சாலைக்கு எவ்வளவு செலவு, யார் காண்டிராக்டர் என்பதைத் தமிழில் எழுதி வார்டில் ஒட்டட்டும். இவை மூன்றும் செய்யாத மன்றம் எத்தனை விருது வாங்கினாலும் தேர்ச்சி பெறாத மன்றம்தான்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் லைட் கேட்காதீர்கள். போன மன்றத்தின் தணிக்கைத் தடைகளைப் படித்தீர்களா என்று கேளுங்கள். படிக்காதவருக்கு ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.